‘செக்’ என்றால் ராஜா

பேங்கில் போடும் செக், ஆஸ்பத்திரியில் செய்துகொள்ளும் செக்கப், ஊர் எல்லையில் இருக்கும் செக்போஸ்ட், கட்டம் போட்ட செக்டு சட்டை, செஸ் ஆட்டத்தில் ராஜாவுக்கு வைக்கும் செக். ஐந்தும் ஒரே வயிற்றில் பிறந்தவை. தாய்ச்சொல் ஆங்கிலமே இல்லை. பாரசீகத்தின் ‘ஷா’. அரசன் என்று பொருள்.

நம் சதுரங்கம் பாரசீகம் போய் ‘சத்ரங்’ ஆனது. எதிராளியின் ராஜாவைத் தாக்கும்போது ‘ஷா!’ என்று குரல் கொடுத்து எச்சரிப்பது அங்கே வழக்கம். அரபு நாடுகள் வழியாக ஆட்டம் ஐரோப்பாவுக்குப் போனபோது அந்தக் குரலும் கூடவே போனது. பழைய பிரெஞ்சில் ‘எஷெக்’, ஆங்கிலத்தில் ‘செக்’. அதன் பன்மை தேய்ந்துதான் ‘செஸ்’. ‘செக்மேட்’ என்பது ‘ஷா மாத்’. ராஜா செத்தார் என்று பலரும் பொருள் சொல்வார்கள். ராஜா வழியற்று நிற்கிறார் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. செஸ்ஸில் ராஜாவை யாரும் வெட்டுவதில்லையே!

செக் வைத்துவிட்டால் மற்ற திட்டமெல்லாம் அப்படியே நிற்கும். ராஜாவைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை. அதிலிருந்து ‘தடுத்து நிறுத்துதல்’ என்ற பொருள் வந்தது. பிறகு ‘சரிபார்த்தல்’ கிளைத்தது. செக்போஸ்ட்டில் லாரியை மறித்து, பேப்பரை வாங்கிப் பார்க்கும்போது இரண்டு பொருளும் ஒன்றாக நடக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்த கிளை, 12-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இருக்கிறது. இரண்டாம் ஹென்றியின் கருவூலத்தில் 10 அடி நீளம், 5 அடி அகலத்தில் ஒரு மேஜை. காசு உருண்டு விழாதபடி நான்கு விரல் உயரத்துக்கு விளிம்பு. மேலே கோடு போட்ட கறுப்புத் துணி. வரிப்பணம் கொண்டுவரும் ஷெரிஃப் ஒரு பக்கம் உட்கார, எதிரே அரசாங்க அதிகாரிகள். பென்ஸுக்கு ஒரு வரிசை, ஷில்லிங்குக்கு ஒன்று, பவுண்டுக்கு ஒன்று என்று வில்லைகளை வைத்து, எடுத்து, நகர்த்திக் கணக்குப் பார்த்தார்கள். ரோமன் எண்களை எழுதி வைத்துக்கொண்டு கூட்டிக் கழிப்பது பெரும்பாடு; அதனால்தான் இந்த ஏற்பாடு. பார்க்க செஸ் பலகை போலவே இருந்ததால் அந்த அலுவலகத்துக்கே ‘எக்ஸ்செக்கர்’ என்று பெயர் வந்தது. பிரிட்டனின் நிதியமைச்சர் இன்றும் ‘சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்’தான்.

கட்டம் போட்ட துணிக்குச் ‘செக்’ என்ற பெயர் வந்ததும் அதே பலகையால்தான். நம் கட்டம் போட்ட பருத்தித் துணியை வெளிநாட்டில் ‘மெட்ராஸ் செக்’ என்றே கேட்டு வாங்குகிறார்கள்.

பேங்க் செக் அதற்கும் பிறகு வந்தது. 18-ஆம் நூற்றாண்டில், மோசடியைத் தடுக்கக் கையில் வைத்துக்கொண்ட அடிக்கட்டைக்குத்தான் ‘செக்’ என்று பெயர். பிறகு அது கிழித்துக் கொடுக்கும் தாளுக்கு மாறியது. எக்ஸ்செக்கரின் சாயலில் பிரிட்டிஷார் அதற்கு ‘cheque’ என்று தனி எழுத்துக்கூட்டல் வைத்துக்கொண்டார்கள். நம் 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்திலும் அதே எழுத்துக்கள்தான். அமெரிக்கர்கள் பேங்க் செக்கையும் மற்ற செக்கையும் ‘check’ என்று ஒன்றாகவே எழுதுகிறார்கள். ஓட்டல் பில்லுக்கும் அங்கே அதுதான் பெயர். தமிழில் எழுதும்போது பிரிந்துபோன அண்ணன் தம்பிகள் மறுபடி ஒன்று சேர்ந்துவிடுகிறார்கள். எல்லாமே ‘செக்’!

ஆனால் எண்ணெய் ஆட்டும் செக்கு இந்தக் குடும்பத்தில் இல்லை. அது நம் சொந்தச் சொல். செக் குடியரசும் இல்லை. அது ஓர் இனத்தின் பெயர். ஓசை ஒத்துப்போனாலே உறவு என்று சொல்லும் செய்திகள் வாட்ஸ்அப்பில் தினமும் வருகின்றன. அடுத்தவருக்கு அனுப்புமுன் ஒரு நல்ல அகராதியைப் புரட்டிப் பாருங்கள்.