வழித்துணையும் மன அமைதியும்

அணைக்கட்டுக்கு அண்மையில், பாலாற்றின் தென்கரையில் விளங்கும் பழம்பெருந்தலம் விரிஞ்சிபுரம். விரிஞ்சன் என்பது நான்முகனுக்கு ஒரு பெயர். அவன் வழிபட்டமையால் ஊர் இப்பெயர் பெற்றது என்று தலபுராணம் கூறும். மதிலழகுக்குப் பெயர்பெற்ற இத்திருக்கோயில் அருணகிரிநாதரின் திருப்புகழ் பெற்றது. திருச்சுற்றில் நேரங்காட்டும் கல் ஒன்றும் உண்டு. அதன் பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால், நிழல் விழும் எண்ணைக் கொண்டு பகற்பொழுதின் மணியை அறியலாம்.

இங்கு எழுந்தருளியுள்ள பெருமான் வழித்துணைநாதர், வடமொழியில் மார்க்கபந்தீசுவரர். இப்பெயர்க்குரிய வரலாறு பலரும் அறிந்ததே. மைசூர்ப் பகுதியிலிருந்து மிளகு மூட்டைகளுடன் காஞ்சிபுரம் நோக்கிச் சென்ற வணிகர் ஒருவர் இவ்வூரில் இரவு தங்கினார். மேற்கொண்டு செல்லும் வழியில் கள்வர் அச்சம் மிகுதி. திருமுன் நின்று துணை வேண்டினார். பெருமான் காவலர் வடிவில் உடன்சென்று அவரைச் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்த்தார் என்பது வரலாறு. 16-ஆம் நூற்றாண்டில் ஆரணியை அடுத்த அடையபலத்தில் தோன்றிய அப்பைய தீட்சிதர், இப்பெருமான்மீது மார்க்கபந்து தோத்திரம் இயற்றினார். பயணம் புறப்படுவோர் அதனை ஓதுவது இன்றும் வழக்கம்.

இவ்வரலாற்றில் கருதத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. வணிகரின் பொருட்டு வழி குறுகிவிடவில்லை, காடு அழிந்துவிடவில்லை, கள்வரும் இல்லாமற் போகவில்லை. வழி இருந்தபடியே இருந்தது. துணை ஒன்று உண்டு என்னும் தெளிவே அவருக்குக் கிடைத்தது. கவலைகள் அனைத்தும் தீர்ந்தபின் அமைதியாக இருக்கலாம் என்று எண்ணுவோர் பலர். கள்வர் இல்லாத நாள் பார்த்துப் புறப்பட எண்ணியிருந்தால், வணிகரின் மிளகு விரிஞ்சிபுரத்திலேயே கிடந்திருக்கும்!

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் வாழ்வோர்க்கு இது வெறுங்கதை அன்று. தோல் பதனிடும் கூடங்களிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் உழைப்போர் எத்துணையோ பேர். அவர்களுள் பெண்கள் மிகப் பலர். பொழுது புலருமுன் சமைத்து முடித்து, பிள்ளைகளை எழுப்பி, கம்பெனிப் பேருந்துக்கு விரைகின்றனர். வெளிநாட்டிலிருந்து வரும் ஆர்டர் குறைந்தால் வேலை குறையும். கடன் தவணை மட்டும் குறையாது. இத்தகையோரிடம் சென்று, நாள்தோறும் ஒரு மணி நேரம் தனியிடத்தில் தியானம் செய்க என்று உரைப்பது பொருந்தாது. நடக்கும் வழியிலேயே கைக்கொள்ளத்தக்கது எதுவோ, அதுவே அவர்கட்குத் துணை.

மூச்சு அத்தகைய ஒன்று. திருமூலர் மூச்சுப் பயிற்சிக்கு வகுத்த அளவில், உள்ளிழுத்தல் 16 மாத்திரை, நிறுத்துதல் 64, வெளிவிடுதல் 32. முழுப் பயிற்சியைத் தக்க ஆசிரியரிடமே கற்க வேண்டும். நூலைப் பார்த்து மூச்சை அடக்க முயல்வது தவறு. எனினும் வெளிவிடும் அளவு உள்ளிழுக்கும் அளவினும் இருமடங்கு என்பதை எவரும் கருத்திற் கொள்ளலாம். மூச்சை நிறுத்தாமல், மெல்ல இழுத்து அதனினும் மெல்ல விடுவதற்குப் பேருந்து இருக்கையே போதும். மூச்சு வெளியேறும்போது இதயத்துடிப்புச் சற்றுத் தணிகிறது என்பதை இக்கால மருத்துவமும் கூறுகிறது. உறக்கமின்மையும் துயரும் வாரக்கணக்கில் நீடிப்பின் மருத்துவரை நாடுவதில் நாணம் வேண்டா. நடுவண் அரசு 2022-இல் தொடங்கிய ‘டெலி மனஸ்’ மனநலச் சேவையை 14416 என்னும் எண்ணில் தமிழிலேயே கேட்டுப் பெறலாம்.

தொழிலும் ஒரு துணையே. திருநாளைப்போவார் கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் அளித்துத் தொண்டு செய்தார் என்று சேக்கிழார் பாடுகிறார். கையிற்பட்ட தோலையே அவர் வழிபாட்டுப் பொருளாக்கினார். தையல் எந்திரத்தின் ஊசிமுனையில் கண்ணை நிறுத்தி ஓரத்தைப் பிசகாமல் மடித்துத் தைப்பவளின் மனம், அவ்வளவு நேரமும் அலையாமல் நிற்கிறது. அவள் அதனைத் தியானம் என்று அழைப்பதில்லை, அவ்வளவுதான்.

இவ்விடத்தில் ஒன்று தெளிவுபடுத்தற்குரியது. அமைதி என்பது அநீதியைப் பொறுத்து வாய்மூடியிருத்தல் அன்று. பல்லவ மன்னன் ஆணைக்கு அஞ்சாது நின்ற திருநாவுக்கரசரினும் அமைதியுடையார் யார்? தோற்கழிவு நீரால் பாலாறு கெட்டபோது, இம்மாவட்டத்து மக்கள் நீதிமன்றம் சென்றனர். உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. சிக்கல் தீராமையால் 2025 சனவரியிலும் மீண்டும் தீர்ப்பு வழங்கியது. அத்தனை ஆண்டுகள் ஒரு வழக்கை நடத்துவதற்கும் கலங்காத மனமே வேண்டும்.

கலக்கத்திலிருந்து தெளிவுக்கு வந்தவர்களுள் இம்மாவட்டத்தார் நன்கறிந்தவர் வள்ளிமலைத் திருப்புகழ்ச் சுவாமிகள் (1870–1950). துறவு பூணுமுன் அவர் மைசூர் அரண்மனையில் சமையல் செய்தவர். நாள்தோறும் பிறர்க்குச் சுவையாகச் சமைத்தவரைத் தீராத வயிற்றுநோய் வருத்தியது. நோய் தீரப் பழனியை அடைந்தார். அங்கே திருப்புகழ் அவர் செவியில் விழுந்தது. பள்ளிப் படிப்பு வாய்க்காத அவர், நடுவயதில் எழுத்துக்கூட்டி அந்நூலைப் பயின்றார் என்பர். திருவண்ணாமலையில் சேஷாத்திரி சுவாமிகள், திருப்புகழே உனக்கு மந்திரம் என்னும் கருத்துப்பட உரைத்து, வள்ளிமலைக்குச் செல்லப் பணித்தார். அதன்பின் ஊர் ஊராகத் திருப்புகழைப் பரப்புவதே அவர் வாழ்வாயிற்று.

ஆங்கிலேயர் ஆட்சியில், சனவரி முதல் நாள் வெள்ளைக்கார அதிகாரிகளைப் பழத்தட்டுடன் கண்டு வணங்குவது பலர்க்கு வழக்கமாயிருந்தது. அதனை மாற்றத் திருத்தணிகையில் படித்திருவிழாவைச் சுவாமிகள் தொடங்கினார். ஆண்டின் நாள்களைப் போலவே அம்மலைக்குப் படிகள் 365. இன்றும் டிசம்பர் 31-ஆம் நாள் அன்பர்கள் திரண்டு, படிக்கு ஒரு திருப்புகழ் பாடி, ஒவ்வொரு படியிலும் கற்பூரம் ஏற்றி மேலே செல்கின்றனர். மலையுச்சியை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு எவரும் பாடுவதில்லை. ஒரு படியில் பாடல் முடிந்தபின்தான் அடுத்த படியில் கால் வைக்கின்றனர்.