கூரை வேலைக்கு முன் காப்பீட்டைக் காண்போம்

ஐப்பசி அடைமழைக்கு முன்னர்க் கூரையைச் செப்பனிடுவது நம் கிராமங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். இராணிப்பேட்டை மாவட்டத்துக் கலவை வட்டாரத்திலும் கீற்றுக் கூரைகள் குறைந்து, ஓடும் தகடும் காங்கிரீட் தளமும் பெருகி வருகின்றன. 2024-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கலைஞரின் கனவு இல்லத் திட்டமும் குடிசைகளுக்கு மாற்றாக 360 சதுர அடி வீடுகள் கட்ட வகை செய்தது.

வேலை பேசும்போது கூலியைக் கேட்கிறோம். முடிக்கும் நாளைக் கேட்கிறோம். ஆள் தவறி விழுந்தால் பொறுப்பு யாருடையது என்று மட்டும் கேட்பதில்லை. பழைய கல்நார்த் தகடு பார்வைக்கு உறுதியாகத் தோன்றும்; கால் வைத்தவுடன் முறிந்துவிடும். உழைப்பவர் படுத்துவிட்டால் அவர் வீட்டில் அடுப்பெரிவது எங்ஙனம்?

ஊராட்சி உறுப்பினர்கள் இங்கு ஒன்றை அறிதல் வேண்டும். ஒருவர் தம் தொழிலைச் சார்ந்த வேலையை ஒப்பந்தக்காரரிடம் விட்டாலும், அவருடைய ஆளுக்கு விபத்து நேரின் வேலை கொடுத்தவரிடமே நஷ்டஈடு கோரலாம் என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் விதித்தது. கொடுத்த தொகையை ஒப்பந்தக்காரரிடம் திரும்பப் பெறவும் அது வழி வைத்தது. உள்ளாட்சி மன்றத்தின் கடமைகளையும் 'தொழில்' என்றே அது கொண்டது. வேலை கொடுத்தவரின் இப்பொறுப்பு 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இடம்பெற்றுள்ளது. ஒப்பந்தக்காரர் கையில் பொருள் இல்லையெனில், சுமை ஊராட்சி நிதியின் மீதே விழும்.

ஆகவே, முன்பணம் கொடுக்குமுன் பின்வருவனவற்றை நோக்குவோம்.

1. தொழிலாளர் நஷ்டஈட்டுக் காப்பீட்டின் மூலப் பத்திரத்தைக் காண்க. ஒப்பந்தக்காரரின் சொந்த ஆயுள் காப்பீடும், வண்டிக் காப்பீடும் இதற்கு உதவா.

2. பத்திரத்திலுள்ள பெயர், ஆட்களின் எண்ணிக்கை, வேலையின் தன்மை ஆகியவை பொருந்துகின்றனவா எனப் பார்க்க. உயரத்தில் செய்யும் வேலை விலக்கப்பட்டிருத்தல் கூடாது. வேலை முடியும் நாள்வரை தவணை உயிருடன் இருத்தல் வேண்டும்.

3. பிரீமியம் ரசீதைக் கேட்க. ஐயமிருப்பின், பத்திர எண்ணைக் குறித்துக்கொண்டு, அதை வழங்கிய கம்பெனியின் கிளையில் விசாரிக்க.

4. அண்டை வீட்டார்க்கும் வழிப்போக்கர்க்கும் நேரும் சேதத்திற்குப் பொதுப் பொறுப்புக் காப்பீடு தனியே உண்டா என்று அறிக.

5. இவற்றை ஒப்பந்தத்தில் எழுதி, பத்திர நகலை அதனுடன் இணைக்க.

நான்கு ஆட்களுடன் வரும் சிறிய மேஸ்திரியிடம் இத்தகைய பத்திரம் இல்லாதிருக்கலாம். அதற்காக அவரை விலக்கிவிட வேண்டுவதில்லை. ஆட்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்துள்ளனரா என்று கேட்போம். இவ்வாரியம் 1994 முதல் இயங்கி வருகிறது. மேலும், 2015-இல் தொடங்கிய பிரதம மந்திரி விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தில் 18 முதல் 70 வயது வரையுள்ளோர் வங்கிக் கணக்கின் வாயிலாகச் சேரலாம். ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்தினால், விபத்தில் உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு 2 இலட்சம் ரூபாய் கிடைக்கும். இது தொழிலாளிக்குக் கூடுதல் துணையேயன்றி, வேலை கொடுத்தவரின் பொறுப்பை நீக்குவதன்று.

காப்பீடு விழுந்தவரைத் தாங்குமே தவிர, விழாமல் தடுக்காது. தகட்டின் மேல் நேராக மிதியாமல், கைமரங்களின் குறுக்கே பலகையிட்டு நடப்பதும், உறுதியான சாரமும், இடுப்புக் கயிறும் இன்றியமையாதவை.

வெள்ளம் வருமுன் அணை கோலுவது உழவர்க்குப் புதிதன்று. கூரை வேலைக்கும் அவ்வறிவைப் பயன்படுத்துவோமாக.