தூக்காதே, உருட்டு!



எங்க மாமா மரமில்லில் வேலை பார்க்கிறார். போன வருஷம் ஒரு தடி உருண்டு அவர் கால் விரலில் ஏறிவிட்டது. ரெண்டு மாசம் வேலைக்குப் போகவில்லை. "எப்படி மாமா?"ன்னு கேட்டேன். "ஒரே ஒரு ஆப்பு வைக்க மறந்துட்டோம் மாப்ள" என்றார். அவர் சொல்லித் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

தேனி, கம்பம் பக்கம் மரமில்லில் மாமரம், தென்னை, மலைத் தோட்டத்தில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் எல்லாம் அறுபடும். நாம் வாளைத்தான் வேடிக்கை பார்ப்போம். அதுக்குப் பக்கத்தில், தடிகளை வரிசையாக வைக்கும் சாய்வு மேடையைக் கவனிக்க மாட்டோம்.

மேடை எதற்கு?

10 அடி நீளம், 4 அடி சுற்றளவு உள்ள பச்சை மாமரத் தடி சுமார் 300 கிலோ இருக்கும். தூக்க நாலு பேர் போதாது. உருட்ட, கடப்பாரையோடு ரெண்டு பேர் போதும். தரையில் கிடந்தால் கரையான் ஏறும். பட்டையில் மண்ணும் கல்லும் ஒட்டி வாளின் பல் மழுங்கிப் போகும்.

எப்படிக் கட்டுவது?

1. கனமான ரெண்டு நீளக் கட்டைகளை 6 அடி இடைவெளியில் இணையாகப் போட வேண்டும். 10 அடி தடி ரெண்டு பக்கமும் 2 அடி நீட்டிக்கொண்டு, ஆடாமல் உட்காரும்.

2. கால்கள் உறுதியான தரையில் நிற்க வேண்டும். கால்களுக்குக் குறுக்கே சட்டம் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் தடி வந்து இடிக்கும்போது மேடையே சாய்ந்துவிடும்.

3. தாழ்ந்த முனை, தடியை வைத்து அறுக்கும் ட்ராலியின் உயரத்துக்குச் சரியாக இருக்கணும். குறைந்தால் தூக்க வேண்டிவரும். கூடினால் தடி 'தொம்'மென்று விழும்.

4. 10 அடி தூரத்துக்கு அரை அடி சரிவு போதும்.

5. தாழ்ந்த முனையில் இரும்பு முட்டு கட்டாயம்.

ஏன் அரை அடி?

அரை அடி என்பது 10 அடியில் 20-ல் ஒரு பங்கு. அதனால் 300 கிலோ தடி கீழ்நோக்கித் தள்ளுவது 15 கிலோதான், ஒரு குடம் தண்ணீர் அளவு. அதையே 2 அடி சரிவாக்கினால் 60 கிலோ! ஓடுகிற தடியை யார் பிடிப்பது? அரை அடி சரிவிலும் 5 தடி ஒட்டி நின்றால் முட்டின்மேல் 75 கிலோ. அதனால்தான் ஒவ்வொரு தடிக்கும் தனி ஆப்பு.

நீங்களே செய்து பாருங்கள்!

அட்லஸின் ஒரு ஓரத்தை லேசாக உயர்த்தி, உருண்டைப் பென்சிலை வையுங்கள். பிறகு இன்னும் உயர்த்துங்கள். அழிரப்பரை முட்டாக வைத்தும் பாருங்கள். சரிவு கூடினால் என்ன ஆகும் என்று கண்ணாலேயே தெரியும்.

மறக்காதீர்கள்!

ஒரு நேரத்தில் ஒரு தடி மட்டும். மற்றதுக்கெல்லாம் ஆப்பு. தாழ்ந்த பக்கம் யாரும் நிற்கவே கூடாது. மரமில் வேலைக்குப் போகும் அப்பா, மாமா, அண்ணன் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் இன்றைக்கே கேளுங்கள்: "ஆப்பு வச்சீங்களா?"

— 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு