பட்டியலில் விட்டுப்போன கேள்வி!

போன தை மாதம், எங்கள் தெருப் பெண்கள் ஐந்து பேர், குரங்கணி மலையேறப் போனோம். 2018 மார்ச்சில், அங்கே காட்டுத் தீயில் பலர் உயிரிழந்ததை மறக்க முடியுமா? அதனால், வனத்துறை அனுமதி வாங்கி, வழிகாட்டியோடுதான் கிளம்பினோம். ஸ்வெட்டர், டார்ச் லைட், பிளாஸ்க்கில் சுக்கு காபி, புளியோதரை என, பட்டியல் போட்டு எடுத்து வைத்தோம்.

பாதி வழியில், எதிர் வீட்டு அக்காவுக்கு மூச்சுத் திணறல். குளிர்காற்று பட்டால் வீசிங் வருமாம்.

'சொன்னா விட்டுட்டுப் போயிடுவீங்களேன்னு மறைச்சுட்டேன். பையில இருந்தா தெரிஞ்சிடும்னு, இன்ஹேலரைக்கூட எடுத்துட்டு வரல...' என்று அழுதார்.

உட்கார வைத்து, மூக்கையும், வாயையும் துப்பட்டாவால் மூடி, சற்றுத் தணிந்ததும், கைத்தாங்கலாக இறக்கி, டாக்டரிடம் கூட்டிப் போவதற்குள், எங்கள் உயிரே போய் வந்தது.

'என்ன எடுக்கணும்' என்று நூறு முறை பேசிய நாங்கள், 'யாருக்கு என்ன தொந்தரவு' என்று ஒரு முறைகூட கேட்கவில்லையே!

தோழியரே... குளிர்காலத்தில் மலையேறும் முன், அவரவர் உடம்பு பற்றி மறைக்காமல் சொல்லிடுங்க. தினசரி மருந்து கையில் இருக்கட்டும். வியர்வையில் நனைந்த துணி, குளிரில் விறைக்க வைத்து விடும்; மாற்றுத் துணி அவசியம். மெதுவாக நடப்பவரை, முன்னால் விடுங்க.

டாக்டர் சம்மதித்தால், அடுத்த தை மாதம், அக்காவும் வருவார், இன்ஹேலரோடு!

— ஒரு வாசகி, தேனி.