எட்டுக்கால் பூச்சி கடித்துவிட்டதா?

நோன்பு நெருங்கினால் நம் வீடுகளில் ஒட்டடை அடிக்கும் வேலை தொடங்கிவிடும். பீரோவை நகர்த்தும்போது எட்டுக்கால் பூச்சி ஓடினால் பிள்ளைகள் அலறுவார்கள். நாம் துடைப்பத்தைத் தேடுவோம். ஆனால் நம் வீடுகளில் வழக்கமாகக் காணும் சிலந்திகள் உயிருக்கு ஆபத்தானவை அல்ல. அடையாளம் தெரிந்தால் பயம் போய்விடும்.

மூலைச் சிலந்தி: சிறிய உடல், நூல் போன்ற நீண்ட கால்கள். கூரை மூலையில் ஒழுங்கில்லாமல் வலை கட்டும். தொட்டால் உடலை வேகமாக ஆட்டும். கொசுக்களைப் பிடித்துத் தின்னும்.

பெரிய சிலந்தி: கால்களை விரித்தால் உள்ளங்கை அளவு இருக்கும். தட்டையான பழுப்பு உடல். வலை கட்டாது, இரவில் குளியலறை, ஸ்டோர் ரூம் சுவர்களில் ஓடிக் கரப்பான்பூச்சிகளை வேட்டையாடும். பெண் சிலந்தி முட்டைப் பையை வெள்ளை நாணயம்போல் வயிற்றுக்கடியில் சுமந்து செல்லும். கையில் பிடித்து நசுக்கினால்தான் கடிக்கும்.

குதிக்கும் சிலந்தி: ஒரு சென்டிமீட்டர் அளவு. முன்பக்கம் இரண்டு பெரிய கண்கள். பகலில் சுவரிலும் ஜன்னலிலும் தாவித் தாவி ஈ பிடிக்கும்.

தோட்டத்துச் சிலந்தி: செடிகளுக்கிடையே வட்ட வலை கட்டி, நடுவில் பெருக்கல் குறிபோல் வெள்ளைக் கோடு நெய்து அமர்ந்திருக்கும். தீங்கற்றது.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. மரப்பொந்துகளில் வாழும் பெரிய, ரோமம் அடர்ந்த சிலந்தி கடித்தால் கடும் வலியும் தசைப்பிடிப்பும் வரலாம். பொந்துகளில் பிள்ளைகள் கைவிட வேண்டாம்.

காலையில் எழும்போது உடலில் கொப்புளம் இருந்தால், "சிலந்தி கடித்துவிட்டது" என்கிறோம். பல நேரங்களில் காரணம் வேறு. மழைக்காலத்தில் விளக்கு வெளிச்சத்துக்கு வரும், எறும்பு போன்ற, கறுப்பும் ஆரஞ்சும் கலந்த சிறு வண்டு ஒன்று உண்டு. அதைத் தோலில் வைத்து நசுக்கினால், அதன் நீர் பட்ட இடம் ஓரிரு நாளில் எரிந்து கொப்புளிக்கும். அந்த வண்டை நசுக்காமல் ஊதிவிடுங்கள். உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

மற்றொன்று அக்கி. உடலின் ஒரு பக்கம் மட்டும், பட்டைபோல், கடும் எரிச்சலுடன் கொப்புளங்கள் வரும். இது ஒரு வைரஸ் நோய். கொப்புளம் தோன்றிய 3 நாட்களுக்குள் மாத்திரை தொடங்கினால் நல்ல பலன் கிடைக்கும். சிலந்தி விஷம் என்று நினைத்து நாட்களைக் கடத்தினால், குறிப்பாக முதியவர்களுக்கு, வலி மாதக்கணக்கில் நீடிக்கலாம். கண்ணருகே வந்தால் பார்வையே பாதிக்கப்படலாம். துஆ ஓதுவதோடு, அன்றே மருத்துவரையும் பாருங்கள்.

உண்மையிலேயே சிலந்தி கடித்தால், சோப்பால் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். வீக்கம் பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, மூச்சு திணறினாலோ மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ஒட்டடையை அடித்துச் சுத்தம் செய்யுங்கள். சிலந்தியை ஒரு டம்ளரால் மூடி, அடியில் அட்டையைச் செருகி, வெளியே விட்டுவிடுங்கள். அதற்காகப் படுக்கையறையில் பூச்சிமருந்து அடிக்க வேண்டியதில்லை.