தேய்த்ததால் தேய்ந்த மதிப்பு

தீபாவளி நெருங்கினால் பித்தளையும் வெள்ளியும் பளபளக்க வேண்டும். எங்கள் வீட்டு வழக்கம் அது. அந்த வேகத்தில், பாட்டி விட்டுச்சென்ற 1903ஆம் ஆண்டு நீரிணைக் குடியேற்ற நாணயத்தையும் பற்பசை போட்டுத் தேய்த்துவிட்டேன்.

டாலரையும் ரிங்கிட்டையும் நாம் இன்றும் ‘வெள்ளி’ என்கிறோம். பாட்டியின் காசோ நிஜ வெள்ளி: எடை 26.95 கிராம், அதில் 90 விழுக்காடு வெள்ளி. ஒரு பக்கம் ஏழாம் எட்வர்டு மன்னர்.

காசுக்கும் மதிப்பெண் உண்டு. 1 முதல் 70 வரை. 60க்கு மேல் என்றால் புழக்கத்தில் தேயாதது. மன்னரின் தலைமுடி, காது போன்ற மேடான இடங்களின் தேய்மானத்தையும், அச்சிட்டபோது வந்த மினுமினுப்பையும் பார்த்தே எண் தருவார்கள். தேய்த்துக் கழுவிய காசுக்கு எண்ணே கிடையாது. ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்ற குறிப்புதான்.

தரம் பார்த்த காசைப் பிளாஸ்டிக் உறையில் மூடி முத்திரையிடுவார்கள். அமெரிக்காவின் பிசிஜிஎஸ் நிறுவனம் 1986இல் தொடங்கியபோது, அதன் உறைக்குள் காசு ஆடிச் சத்தம் போட்டது. அதனால் ‘ராட்லர்’ என்று பெயர். மோர்கன் டாலர் சேகரிப்போர் பலர் அந்தப் பழைய உறைக்கே கூடுதல் விலை தருகிறார்கள். அன்றைய மதிப்பெண் கறாரானது என்பது அவர்கள் நம்பிக்கை.

உங்கள் வீட்டில் பழைய வெள்ளி இருந்தால் தேய்க்காதீர்கள். ஓரத்தைப் பிடித்து எடுங்கள். பிவிசி கலக்காத உறையில் வையுங்கள்.

என் காசு இப்போது பளபளக்கிறது. பாட்டி காலத்துக் கருமைதான் அதில் இல்லை.