நான் யார்? வட்டில்லாக் கணிப்பொறியின் முதற்கேள்வி

ஹௌரா நிலையத்தில் முதன்முதலாக வந்திறங்கும் தமிழ் மாணவர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். ஊர் புதிது, மொழி புதிது, கையில் இருப்பது சேர்க்கை எண் எழுதிய சீட்டு ஒன்றே. விடுதிப் பதிவேட்டை வைத்திருப்பவர் அவ்வெண்ணைப் பார்த்து, “உமக்கு இன்ன அறை, இன்ன கட்டில்” என்று சொன்ன பிறகே அவருடைய கல்லூரி வாழ்வு தொடங்கும். வட்டில்லாக் கணிப்பொறியின் நிலையும் இத்தகையதே.

இயக்க முறைமையும் கோப்புகளும் தங்கும் நிலையான இடம் வட்டு. அஃதில்லாத பொறி, மின்சாரம் நின்றதும் எல்லாவற்றையும் மறந்துவிடும். வட்டின்றிக் கணிப்பது இந்நகருக்குப் புதிதன்று. 1950-களின் நடுவில் பராநகரில் இந்தியப் புள்ளியியல் கழகம் நிறுவிய எச்.இ.சி.-2எம் கணிப்பொறிக்கு வட்டு கிடையாது. 1,024 எண்களைத் தாங்கும் காந்த உருளையே அதன் நினைவகம். ஆயினும் அது தனித்து நின்ற பொறி. 1980-களில் சன் நிறுவனம் விற்ற வட்டில்லாப் பணிநிலையங்களோ, வலையில் இணைந்து மற்றொரு பொறியின் வட்டை நம்பி வாழ்பவை. வட்டு அன்று விலையுயர்ந்த பொருள் அன்றோ!

எங்கள் துறையில் வட்டு கழற்றப்பட்ட அத்தகைய பழைய பொறிகள் நான்கு உள்ளன. நெட்பிஎஸ்டி ஓடும் ஒரு வழங்கியைக் கொண்டு அவற்றை நான் இயக்கி வருகிறேன். விசையைத் தட்டியதும் நடப்பதை வரிசையாகக் காண்போம்.

முதலில் பொறி தன் ஈதர்நெட் எண்ணை, அதாவது பிறவியிலேயே பொறிக்கப்பட்ட 48 பிட் எண்ணை, வலை முழுவதும் கூவி, “என் ஐ.பி. முகவரி என்ன?” என்று கேட்கும். 1984-இல் வகுக்கப்பட்ட ஆர்.ஏ.ஆர்.பி. என்னும் நெறி இதற்கு விடை தரும். அடுத்து, டி.எஃப்.டி.பி. வழியாக ஒரு சிறு தொடக்க நிரல் வந்து சேரும். அதன் பின்னரே நம் கதாநாயகனாகிய பூட்பாரம் வழங்கி மேடைக்கு வருகிறது.

இவ்வழங்கி அறிந்த கேள்விகள் இரண்டே. ஒன்று, “நான் யார்?” என்பது. ஐ.பி. முகவரியைச் சொல்லிக் கேட்டால், பொறியின் பெயரையும், வெளியே செல்லும் வாயிலின் முகவரியையும் அது கூறும். மற்றொன்று, “என் பொருள் எங்கே?” என்பது. மூலக் கோப்பகம் எந்த வழங்கியில், எந்தப் பாதையில் உள்ளது என்று அது காட்டும். பின்னர் அக்கோப்பகத்தை என்.எஃப்.எஸ். மூலம் இணைத்துக்கொண்டு பொறி எழுந்து நிற்கும். இத்தனைக்கும் வழங்கி வைத்திருப்பது, பொறிக்கு ஒரு வரி வீதம் எழுதிய சிறு கோப்பு ஒன்றே.

சிறிய கோப்பு என்று அலட்சியம் செய்தல் ஆகாது. ஈதர்நெட் எண்ணுக்கு ஒரு பதிவேடு, முகவரிக்கும் பெயருக்கும் ஒரு பதிவேடு, பாதைக்கு ஒரு பதிவேடு என்று மூன்று உள்ளன; மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஓரெழுத்து மாறினாலும், கூவிக் கேட்ட பொறிக்குப் பிழைச்செய்தி வராது, மௌனமே வரும். ஆகவே பொறி எழவில்லையெனில், வன்பொருளைத் திறக்குமுன் வழங்கியின் குறிப்பேட்டைப் படியுங்கள். கேள்வி எந்தப் படி வரை வந்தது என்பது அதில் தெரியும்.

இம்முறையில் ஒரு பெருங்குறை உண்டு. விடை தருபவர் யார் என்று பொறி சோதிப்பதில்லை; முதலில் பேசியவரை அப்படியே நம்பிவிடும். தீய எண்ணமுடைய ஒருவர் அதே வலையில் நுழைந்தால், தம் கோப்பகத்தையே காட்டி ஏமாற்றலாம். ஆதலால் இப்பொறிகளைப் பொதுவலையோடு சேர்க்காமல் தனி இணைப்பில் வைத்திருக்கிறேன்.

கால ஓட்டத்தில் 1985-இல் பூட்பி, 1993-இல் டி.எச்.சி.பி., 1990-களின் இறுதியில் பி.எக்ஸ்.இ. என்று புதுநெறிகள் தோன்றின. பூட்பாரம் இன்று அரிதாகிவிட்டது. ஆனால் கேள்விகள் மாறவில்லை: நான் யார்? என் பொருள் எங்கே? இன்றைய பெரிய வழங்கிக் கூடங்களிலும் வலைவழியே எழும் பொறிகள் இவற்றையே கேட்கின்றன.

நண்பர்களே, கழித்துக் கட்டிய பொறிகள் நம் துறைகளின் மூலைகளில் தூசு படிந்து கிடக்கின்றன. நல்ல வழங்கி ஒன்றும், சரியாக எழுதிய சில வரிகளும் இருந்தால், அவற்றில் பல மீண்டும் மாணவர் கைக்கு வரும். புதுப்பொறி வாங்கப் பணமில்லை என்று ஏங்கும் துறைக்கு இது சிறிய உதவியன்று. முயன்று பாருங்கள்.